இரண்டாமிடத்துக்கு உரியவர் யார்?

ஒரு நாட்டுக்குத் தலைவரைத் தெரிந்தெடுக்குங் காலத்தில் மக்கள் காட்டும் ஊக்கத்திற்கு அளவில்லை. அபேட்சகருடைய பிறப்பு, கல்வி, பேச்சு, பழக்கம் ஆகிய யாவும் ஆராயப்படுகின்றன. அவருக்கு அடுத்த ஆசனத்தில் அமர்தற்கென்று குறிக்கப்படுபவரைப்பற்றியோ பெரும்பாலும் ஒரே ஒரு வினாதான் எழுகின்றது. 'இவரால் எத்தனை வாக்குகள் வரும்?' என்பதே அவ்வினா. அது கேட்கத் தகாதது என்று யான் கூற வரவில்லை. அது முதலிற் கேட்கத் தக்கதன்று என்பதை எடுத்துக்காட்டவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையத்திற்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். குடியரசுத் துணைத்தலைவர் பதவிக்குத் தமிழ்நாட்டினராகிய திரு. சி. பி. இராதாகிருஷ்ணன் நிறுத்தப்பட்டிருந்த சமயம் அது. எனக்கு முன்னிருந்த பெரியவர் இருவர் அதுபற்றி உரையாடினர். தமிழர் ஒருவர் நிற்கையில் தமிழ்நாட்டுக் கட்சிகள் யாவும் அவரை ஆதரிக்க வேண்டாவா என்றார் ஒருவர். அவரை நிறுத்தியதே நம்மை இவ்வாறு பேசவைத்தற்குத்தான் என்றார் மற்றவர். இருவரும் அறிவுடையோரே. எனினும், அப்பதவியில் அமர்பவர் நாள்தோறும் என்ன செய்யவேண்டும், தலைவரது இடம் திடீரென வெறுமையாகுமாயின் அவ்விடத்தில் அவர் எவ்வாறு நிற்பார் என்னும் பேச்சு, பேருந்து இராஜபாளையம் சேரும்வரை எழவேயில்லை. யானும் அதனை எழுப்பவில்லை. அன்று வாளாவிருந்ததற்கு ஈடாக இப்பொழுது எழுதுகின்றேன்.

முதற்கண் முறையினை விளக்குவாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தலைவர் பதவிக்கு நிற்பவர், துணைத்தலைவர் பதவிக்கு நிற்பவரையும் தம்மோடு இணைத்துக்கொண்டே மக்கள்முன் வருகின்றார். ஒருவரை ஏற்று மற்றவரை விலக்க வாக்காளர்க்கு வழியில்லை. தலைவர் இறப்பாராயின் துணைவரே எஞ்சிய காலம் முழுமைக்கும் தலைவராகின்றார். நம் நாட்டிலோ இரண்டும் தனித்தனித் தேர்தல்கள். துணைத்தலைவர் தலைவரது இடத்தைத் தற்காலிகமாகவே வகிப்பார். ஆறு மாதத்திற்குள் புதுத் தலைவர் தெரிந்தெடுக்கப்படல் வேண்டும். ஆயினும் கட்சிகள் இருவரையும் ஒருசேர எண்ணியே நிறுத்துகின்றன. வடக்கே ஒருவர் எனின் தெற்கே ஒருவர், ஒரு வகுப்பினர் ஒருவர் எனின் பிறிதொரு வகுப்பினர் மற்றவர் என்று துலாக்கோல் பிடிப்பதை எல்லாரும் கண்டிருக்கின்றோம்.

இவ்வினா எல்லாக் கட்சிகட்கும் பொதுவேயெனினும், பழைமை பேணும் கொள்கையுடைய கட்சிகளுக்கு மிகவும் உரியது என்பது என் கருத்து. ஏனெனில் அவர்கள் நாட்டின் முன் வைக்கும் உறுதிமொழி, புதியதொன்றைப் படைப்போம் என்பதன்று. முன்னோர் வைத்துச் சென்றவற்றைக் கெடாமற் காத்துப் பின்னோர் கையிற் கொடுப்போம் என்பதே. காத்தலென்னுந் தொழில் ஒருவர் ஆயுளோடு முடிவதன்று. அடுத்த கை எது என்பதே அதன் உயிர்நிலை. அடுத்த கையைப்பற்றிக் கவலையுறாத ஒருவர் தம்மைக் காப்போர் என்று சொல்லிக்கொள்வது எங்ஙனம் பொருந்தும்?

அமெரிக்கச் சரித்திரம் இதற்குப் போதிய சான்று தருகின்றது. அந்நாட்டுத் தலைவருள் எண்மர் பதவியிலிருக்கும்பொழுதே இறந்தனர்; ஒருவர் ராஜிநாமாச் செய்தார். ஆக, ஒன்பது முறை இரண்டாமவர் முதல்வரானார். 1840இல் விக் கட்சியார் ஹாரிசனை நிறுத்தி, தென்னாட்டு வாக்குகளைக் கருதி, எதிர்க்கட்சியிலிருந்து விலகி வந்த டைலரை உடன் சேர்த்தனர். ஹாரிசன் பதவியேற்ற ஒரு திங்களில், 1841 ஏப்ரல் 4ஆம் நாள், இறந்தார். டைலரோ அக்கட்சியார் பெரிதும் விரும்பிய தேசிய வங்கி மசோதாக்களை இருமுறை தடுத்தார். மந்திரிகள் ஒருவரொழிய எல்லாரும் விலகினர். கட்சி அவரைத் தள்ளிவைத்தது. தாம் வென்ற ஆட்சியைத் தாமே இழந்தவர்களானார்கள்.

1900ஆம் ஆண்டின் செய்தி இன்னும் வியப்பானது. செல்வர்க்கும் பெருவணிகர்க்கும் நம்பிக்கைக்குரியவராயிருந்த மக்கின்லி இரண்டாமுறை நின்றார். துணைத்தலைவராயிருந்த ஹோபார்ட் முந்தின ஆண்டே இறந்துவிட்டார். அப்பொழுது தியோடர் ரூஸ்வெல்ட் நியூயார்க் மாகாணக் கவர்னர். அவரது சீர்திருத்த ஊக்கம் அங்குள்ள கட்சித் தலைவர்களுக்குத் தொல்லையாயிருந்தது. வேலையில்லாத பதவியில் அவரை அமர்த்திவிட்டால் தொல்லை ஒழியுமென்று அவர்கள் கருதினர். 1901 செப்டம்பரில் மக்கின்லி சுடப்பட்டு இறந்தார். நாற்பத்திரண்டு வயதினராகிய ரூஸ்வெல்ட் தலைவரானார். அடுத்த ஆண்டிலேயே பெரும் புகைவண்டிக் கூட்டு நிறுவனம் ஒன்றை நீதிமன்றத்துக்கு இழுத்தார். ஒருவரை ஒதுக்கிவைத்தற்குத் தெரிந்த இடம் நாட்டின் தலைமைக்கு அடுத்த படி என்பதை அவர்கள் மறந்தனர்.

ஈண்டு ஒரு தடை நிகழும். ரூஸ்வெல்ட் சிறந்த தலைவராக விளங்கினாரே, தவறான எண்ணத்தோடு தெரிந்தும் நன்மைதானே விளைந்தது என்று வினவுவர். விளைந்தது உண்மை. கண்ணை மூடிக்கொண்டு ஆற்றைக் கடந்தவன் ஒருவன் கரையேறினான் என்பதனால் அதனை வழியென்று பிறர்க்குச் சொல்லலாமோ? 1968இல் நிக்ஸன் தெரிந்தெடுத்த ஆக்னியூ, மேரிலாந்து மாகாணக் கவர்னராயிருந்தவர். நாட்டார் பலர் அவர் பெயரையும் அறியார். அவர் வரிக் குற்றச்சாட்டின் காரணமாக 1973 அக்டோபர் 10ஆம் நாள் பதவியை விட்டு விலக நேர்ந்தது. அங்குக் கரையேற்றம் இல்லை.

அதன்பின் நிகழ்ந்ததே நாம் கருதத்தக்கது. 1967இல் நிறைவேறிய அரசியல் திருத்தத்தின்படி, வெறுமையான துணைத்தலைவர் பதவிக்கு ஒருவரைத் தலைவர் குறிக்க, இரு சபைகளும் ஆராய்ந்து ஒப்பவேண்டும். அம்முறையில் வந்தவர் ஜெரால்டு போர்டு. நிக்ஸனது ஆசனமே ஆடிக்கொண்டிருந்த காலமாதலால், சபையினர் அவரைத் தலைவராதற்குரியவர் என்னும் கண்கொண்டே நோக்கினர். 1974 ஆகஸ்டு 9ஆம் நாள் அவர் தலைவரானார். மக்கள் வாக்குச் சிறிதும் பெறாத அவரிடம் ஆட்சி அமைதியாகக் கைமாறிற்று. சரியான வினா கேட்கப்பட்டது என்பதே அதற்கு ஒரு காரணமென்பேன்.

இனி நம் நாட்டை நோக்குவாம். 1967இல் நடந்த தேர்தல் மறக்கற்பாலதன்று. அவ்வாண்டு காங்கிரசார் டாக்டர் ஜாகிர் உசேனைத் தலைவர் பதவிக்கும், திரு. வி. வி. கிரியைத் துணைத்தலைவர் பதவிக்கும் நிறுத்தினர். எதிர்க்கட்சிகள், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாயிருந்து அதற்கெனவே விலகிய திரு. கே. சுப்பாராவைத் தலைவர் பதவிக்கு நிறுத்தின. சொத்துரிமை முதலிய அடிப்படை உரிமைகளைப் பார்லிமெண்டு குறைத்தல் கூடாதென்று அவ்வாண்டு பிப்ரவரியிற் கோலக்நாத் வழக்கில் தீர்ப்புரைத்தவர் அவர். ஆகவே, இராஜாஜி தோற்றுவித்த சுதந்திராக் கட்சி போன்ற பழைமை பேணுங் கட்சியார்க்கு அவர் உவப்பானவராயிருந்ததில் வியப்பில்லை. துணைத்தலைவர் பதவிக்கு எதிர்க்கட்சிகளின் அபேட்சகராக நின்றவர் அலிகாரிலே சரித்திரப் பேராசிரியராயிருந்த முகம்மது ஹபீப். ஒருபுறம் முஸ்லிம் தலைவரும் இந்துத் துணைவரும், மறுபுறம் இந்துத் தலைவரும் முஸ்லிம் துணைவரும் ஆக, கண்ணாடியில் உருவம் மாறித் தோன்றுவதுபோல் இரு சோடிகளும் நின்றன. காங்கிரசின் சோடியே வென்றது.

இரண்டே ஆண்டுகளில், 1969 மே 3ஆம் நாள், ஜாகிர் உசேன் பதவியிலிருக்கும்பொழுதே மறைந்தார். கிரி அவரிடத்தை வகித்தார். காங்கிரசுத் தலைவர்கள் சஞ்சீவ ரெட்டியைத் தலைவர் பதவிக்குக் குறித்தனர். கிரி தாமே தனித்து நிற்கத் துணிந்து ஜூலை 20ஆம் நாள் ராஜிநாமாச் செய்தார். அதனால் நாட்டிற்குத் தலைவரும் இல்லை, துணைத்தலைவரும் இல்லை என்னும் நிலை பிறந்தது. அவ்வாண்டிலேதான் இயற்றப்பட்டிருந்த சட்டத்தின்படி தலைமை நீதிபதி ஹிதாயதுல்லா ஆகஸ்டு 24 வரை தலைவராய் நின்று நாட்டை நடத்தினார். சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும் திரு. சி. டி. தேஷ்முக்கை ஆதரித்தன. இறுதியில், இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ணிய பின்னர், கிரி வென்றார். காங்கிரசு அவ்வாண்டே இரண்டாகப் பிளந்தது. 1967இல் 'கிரியால் என்ன வாக்கு வரும்?' என்று எண்ணியோர், 'நாளை முதலிடம் வெறுமையானால் இவர் என் செய்வார்?' என்று எண்ணியிருப்பரேல், அவரை விலக்கியிருப்பரோ, ஏற்றே இருப்பரோ, யான் அறியேன். எண்ணியேனும் இருப்பர். நாள் குறித்துவரும் விருந்தாளியல்லன் கூற்றுவன்.

மற்றொன்றும் ஆராயத்தக்கது. நம் குடியரசுத் துணைத்தலைவர், தலைவரது இடம் வெறுமையாகும் நாளை எதிர்நோக்கி வாளாவிருப்பவர் அல்லர். இராஜ்ய சபையின் அவைத்தலைவர் அவரே. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டம் கண்டவர் இதனை எளிதில் உணர்வர். வடம் பிடிப்போர் பலர், ஆரவாரமும் அவர்பக்கமே. சக்கரத்தருகில் கட்டையேந்தி நடப்போர் சிலரே. தேர் வீதிமுனையில் திரும்பவும், வேண்டிய இடத்தில் நிற்கவும் அவர் கையே காரணம். முட்டுக்கட்டை என்னுஞ் சொல்லை நாம் இழிவாக வழங்குகின்றோம். தேரோடும் வீதியில் நிற்பவன் அதனை இழிவாகக் கருதான். அவைத்தலைவர் வேலையும் அன்னதே. ஆளுங்கட்சி விரையும்பொழுதும் எதிர்க்கட்சி இடறும்பொழுதும் நடுநின்று கட்டையிட வல்லவரே அதற்குரியவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் பயின்ற டாக்டர் ச. இராதாகிருஷ்ணன் 1952 முதல் 1962 வரை பத்தாண்டு அவ்வவையை நடத்திப் பின்னர்த் தலைவரானார். 1984இல் துணைத்தலைவராகி 1987இல் தலைவரான திரு. ஆர். வெங்கட்டராமனும் அவ்வழி வந்தவரே. இரண்டாமிடம் பயிற்சிக் களமாயிருந்ததற்கு இவர்கள் சான்று.

அண்மைக்காலத்தில் பாரதிய ஜனதா கட்சியும் அதன் தோழமைக் கட்சிகளும் நிறுத்திய சோடிகளையும் நோக்குக. 2002இல் இராமேசுவரத்துப் பிறந்த டாக்டர் அப்துல் கலாம் தலைவராக, இராஜஸ்தானத்துப் பைரோன்சிங் ஷெகாவத் துணைத்தலைவரானார். 2017இல் உத்தரப் பிரதேசத்து இராம்நாத் கோவிந்தும் ஆந்திரத்து வெங்கையா நாயுடுவும். 2022இல் ஒடிசாவின் திரௌபதி முர்முவும் இராஜஸ்தானத்து ஜகதீப் தங்கரும். தங்கர் உடல்நலத்தைக் காரணங்காட்டி 2025 ஜூலை 21ஆம் நாள் இடையில் விலகினார். செப்டம்பர் 9ஆம் நாள் நடந்த தேர்தலில் திரு. சி. பி. இராதாகிருஷ்ணன் 452 வாக்குகள் பெற, எதிர்க்கட்சிகள் நிறுத்திய முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி திரு. சுதர்சன ரெட்டி 300 வாக்குகள் பெற்றார். இவருள் எவரையும் குறைகூறுதல் என் கருத்தன்று. ஒவ்வொருமுறையும் பத்திரிகைகள் மாகாணத்தையும் வகுப்பையும் கணக்கிட்ட அளவிற்கு அவையை நடத்தும் ஆற்றலைக் கணக்கிட்டனவா என்பதே என் வினா.

இதில் நமக்கென்ன என்று இவ்வட்டாரத்தார் கூறலாம். இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் சட்டசபையில் உறுப்பினர் உளர். குடியரசுத் தலைவர் தேர்தலில் அவ்வொவ்வொருவர் வாக்குக்கும் 176 மதிப்பு உண்டு. துணைத்தலைவர் தேர்தலிலோ அவர்களுக்கு வாக்கே இல்லை. பார்லிமெண்டு உறுப்பினர்க்கே உண்டு. இவ்விரண்டு ஊர்களும் அடங்கிய தென்காசித் தொகுதி உறுப்பினரது ஒரு வாக்கே நம் பங்கு. முதல்வரைத் தெரிய நமக்குள்ள வழியினும் இரண்டாமவரைத் தெரிய உள்ள வழி மிகக் குறுகியது. ஆதலாற்றான் கட்சி செய்யும் தெரிவு முடிந்த தெரிவாகிவிடுகின்றது. சட்டமோ அதிகம் வேண்டுவதில்லை. இந்தியக் குடியுரிமையும், முப்பத்தைந்து வயது நிறைவும், இராஜ்ய சபைக்கு உறுப்பினராகுந் தகுதியும், அரசாங்கத்திற் சம்பளம் பெறும் பதவி வகியாமையுமே அது கேட்பது. சட்டம் கேளாது விட்டதைக் கட்சியே கேட்கவேண்டும். கட்சி கேளாதுவிடின் கற்றோர் கேட்கவேண்டும்.

நம்மூர்ச் சரித்திரத்திலும் இதற்கொரு பாடம் உண்டு. 1949 ஏப்ரலில் சென்னை மாகாணப் பிரதம மந்திரியாயிருந்த ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் பதவி விலகினார். நாடு விடுதலை பெற்று இரண்டாண்டும் நிறையவில்லை. அரசியலமைப்பு இன்னும் எழுதி முடியவில்லை. அத்தகைய வேளையில் ஏப்ரல் 6ஆம் நாள் அப்பொறுப்பை ஏற்றவர் இராஜபாளையத்துப் பூ. ச. குமாரசாமி ராஜா. அவர் துணைப்பதவியில் இருந்தவரல்லர். எனினும் முதல்வர் இடையில் நீங்கியபொழுது அடுத்து நிற்க வல்லவர் ஒருவர் கட்சியின் அணியில் இருந்தார் என்பதே நாம் நோக்கத்தக்கது. தெலுங்கைத் தாய்மொழியாகவுடைய தமிழ்நாட்டினர் என்பது, ஆந்திரரும் தமிழரும் ஒன்றாயிருந்த அம்மாகாணத்தில் அவருக்குத் துணைசெய்திருக்கலாம். அது கூட்டலாக வந்த பொருத்தமேயொழிய முதலாக வைத்த தகுதியன்று. 1950 சனவரி 26ஆம் நாள் நாடு குடியரசானபொழுது அவரே முதன் மந்திரியாகத் தொடர்ந்தார். வயது வந்தோர் யாவர்க்கும் வாக்குரிமை வந்த முதற் பொதுத்தேர்தலில், ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்று தோற்றார். 1952 ஏப்ரலில் இராஜாஜியிடம் ஆட்சி சென்றது. பின்னர் 1954 முதல் 1956 வரை ஒரிசாக் கவர்னராயிருந்தார். தம் இல்லத்தை ஊரார் பயனுக்கென அளித்தார். அதுவே இராஜபாளையத்துக் காந்தி கலை மன்றம். பதவி வந்தபொழுது ஏற்கவும், போனபொழுது அமைதியாக விடவும் அறிந்திருந்த ஒருவரைப் பெற்ற ஊர் இது. இரண்டாமிடத்துக்கு ஒருவரைத் தெரிவோர் தேடவேண்டிய குணங்கள் இவ்விரண்டும் அல்லவோ?

இராஜபாளையத்தார் அறிந்த மற்றொரு செய்தியையுங் கூறுகின்றேன். உவமை எளியதாயினும் பொருள் பெரிது. நம்மூர் நாயினம் காவலுக்கும் வேட்டைக்கும் பெயர்பெற்றது. அதன் தூய வெண்ணிறத்தை விரும்பி அந்நிறமே நோக்கி வளர்த்ததனால், பல குட்டிகள் செவிடாய்ப் பிறக்கலாயின. காவலுக்கென்று வைத்ததற்குச் செவி கேளாதாயின் வெண்மையாற் பயன் யாது? வாக்குத் தேடித்தரும் நிறம் ஒன்றனையே நோக்கித் துணைவரைத் தெரியுங் கட்சிகள் இதனைச் சிந்திப்பனவாக.

வெற்றி பெறாத கட்சி எதனைக் காக்கும், வாக்கை எண்ணாமல் அரசியல் நடத்தல் ஆகுமோ என்று கேட்பார்க்கு விடை கூறுவாம். பல மொழியும் பல சமயமும் உடைய நாட்டில், எல்லாப் பகுதியாரும் தம்மவர் ஒருவரை உயரிடத்திற் காண்பது வெறும் வாக்குத் தந்திரமன்று. ஒற்றுமைக்கு அது வேண்டுவதே. யான் வேண்டுவது வினாக்களின் முறை ஒன்றே. முதலிடம் இன்றே வெறுமையானால் இவரிடம் அதனை ஒப்படைக்கலாமா என்பது முதல் வினா. அது வெறுமையாகாத நாளில் தம் வேலையை நடுநின்று செய்வாரா என்பது இரண்டாவது. தலைவர் நெறி தவறுங்கால் அஞ்சாது உண்மை கூறுவாரா என்பது மூன்றாவது. இம்மூன்றினும் தேறியவர் பலராயின், அவருள் எவரால் வாக்கு மிகும் என்று பார்க்கட்டும். அதனை யார் தடுப்பர்? வள்ளுவர் தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரத்தை முன்வைத்துத் தெரிந்து வினையாடலை அதன்பின் வைத்த முறையும் இதுவே.

மூன்றாம் வினாவை மிகையென்று எண்ணற்க. 2021 சனவரி 6ஆம் நாள் அமெரிக்கத் துணைத்தலைவர் பென்ஸ், தம்மைத் தெரிந்தெடுத்த தலைவர் டிரம்ப் வற்புறுத்தியும், மாகாணங்கள் அனுப்பிய வாக்குகளை ஒதுக்கும் உரிமை தமக்கில்லையென்று மறுத்தார். 2016இல் அவரைச் சேர்த்துக்கொண்டது சமயப்பற்றுடைய வாக்காளரைக் கருதியே எனப் பலர் எழுதினர். சோதனை நாளில் பயன்பட்டது அவ்வாக்குகள் அல்ல. சட்டத்துக்கு அடங்கும் மனமே. 2024 ஜூலையில் டிரம்ப் மீண்டும் நின்றபொழுது ஒகையோ மாகாணத்துச் செனட்டர் வான்ஸைத் தெரிந்தெடுத்தார். அப்பொழுதும் எந்த மாகாணம் வெல்லும் என்னும் கணக்கே மிகுதியாகப் பேசப்பட்டது.

மாணவ நண்பர்களே! குடியரசுத் துணைத்தலைவரைத் தெரியும் வாக்கு நம்முள் பெரும்பாலார்க்கு என்றும் வாராது. ஆயினும் நம் கல்லூரிச் சங்கங்களிலும், நாளை நீங்கள் சேரும் கூட்டுறவுச் சங்கங்களிலும், ஊர்ப் பொதுக் காரியங்களிலும் துணைத்தலைவர் என்றொரு பெயரை எழுதும் வேளை உங்களுக்கு வரும். தலைவர் பெயரை ஆராய்ந்து எழுதிய பின்னர், 'மற்றதை யாருக்கேனும் கொடுப்போம்' என்று சொல்லும் வழக்கம் நம்மிடை உண்டு. அவ்வேளையில் பேனாவைச் சற்றே நிறுத்தி, தலைவர் நாளைக்கு வாராவிடின் இக்கூட்டத்தை யார் நடத்துவர் என்று ஒருமுறை கேட்டுவிட்டு எழுதுங்கள். பேருந்தில் யான் கேளாது விட்ட வினாவும் அதுவே.